யாரும் வனையாத குடம்

கிருஷ்ணன்கோவிலில் சாலை இரண்டாகப் பிரிகிறது. மதுரையிலிருந்து வரும் பெருவழி தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நீள்கிறது. இன்னொன்று மேற்கே திரும்பி வத்திராயிருப்புக்குப் போகிறது. ஒரு வழி ஆண்டாள் நந்தவனத்தில் கொண்டுபோய் விடும். துளசிக்கு மண் கொத்திக்கொண்டிருந்த பெரியாழ்வார் அங்கேதான் பெண்குழந்தையைக் கண்டெடுத்தார் என்கிறது வைணவக் குருபரம்பரை நூல். மற்ற வழியில் பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் நெல்வயல்கள், அவற்றுக்குப் பின்னால் மூலிகைப் பேச்சு ஓயாத சதுரகிரி. விதைக்காமல் கிடைத்தால் நந்தவனத்தில் அதற்கு அருள் என்று பெயர். விதைக்காமல் முளைத்தால் வயலில் அதற்குக் களை என்று பெயர். அருகு பிள்ளையார் தலைக்கு ஏறினால் அர்ச்சனை, வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கினால் களை. பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் அப்படித்தான். பெயர் நம்முடையது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. மருந்து அடித்தும் சாகாத களை ஒன்று வயலில் நிமிர்ந்து நிற்கும்போது, அதை அப்படி ஆக்கியது யார்? வேளாண்துறை அலுவலரிடம் கேட்க வேண்டியதைப் போலத் தோன்றும் இந்தக் கேள்வி, கிருஷ்ணன்கோவிலில் பிரியும் இரண்டு சாலைகளைப் போலவே தமிழ்ச் சமயச் சிந்தனை இரண்டாகப் பிரிந்த பழைய இடத்தைத் தொடுகிறது.

உலகம் ஒரு காரியம், காரியம் என்றால் அதைச் செய்த கர்த்தா ஒருவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் முதல் வாதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு குடம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண்ணையும் சக்கரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் குடம் வராது. என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவன் உட்கார வேண்டும். அறிவில்லாத பொருள் தானே ஒழுங்கு பெறாது என்பதுதான் இதன் உயிர்நிலை. இராமானுசரோ ஸ்ரீபாஷ்யத்தில் இந்த வழியை ஏற்கவில்லை. குடத்தைக் கண்டு குயவனை ஊகிக்கலாம், உலகைக் கண்டு இறைவனை ஊகிக்க முடியாது, அவனை அறிய வேதம் ஒன்றே வழி என்றார். ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா நேர்த்தியை நிறைவேற்றி, அவளுக்கே அண்ணன் ஆனவர் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டாடும் அதே இராமானுசர்தான். கடவுளை முழுதும் நம்பிய ஒருவர், கடவுளுக்கான மிகப் பெரிய ஆதாரம் என்று பிறர் நினைத்ததைக் கைவிட்டார். அந்தத் துணிச்சலுக்கு ஏற்ற மரியாதையை நாம் கொடுத்ததாகத் தெரியவில்லை. களைக்கொல்லிக்குத் தாங்கும் களைகளின் மரபியல் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது என்பது என் வாதம். ஆனால் அதே சாட்சி, கூண்டை விட்டு இறங்கும் முன், சித்தாந்தத்துக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறது.

முதலில் வழக்கின் விவரம். 1968இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மரக்கன்று வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றில், கிரவுண்ட்செல் என்ற மஞ்சள் பூக் களை மருந்துக்குச் சாகவில்லை என்று கண்டார்கள். பத்தாண்டுகளாகச் சிமசின், அட்ராசின் என்ற இரண்டையே அங்கே அடித்துவந்திருந்தார்கள். இலையின் பசுங்கணிகத்தில் அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதன் 264ஆவது இடத்தில் செரின் இருக்க வேண்டும். சாகாத செடியில் கிளைசின் இருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிசகு. மருந்துக்கு ஒட்ட இடமில்லாமல் போயிற்று. நம் நாட்டில் நன்றாகப் பதிவான கதை ஹரியாணாவுடையது. கோதுமை வயல்களில் மண்டுசி என்று அங்கே அழைக்கப்படும் புல்லுக்கு ஐசோபுரோட்டியூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது கேட்காமல் போயிற்று. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர். கே. மாலிக், சமுந்தர் சிங் ஆகியோர் 1995இல் அதை எழுதி வெளியிட்டனர். இதில் நின்று பார்க்கத் தக்கது அந்தப் புல் தப்பித்த விதம். கோதுமைக்கு அந்த மருந்து ஏன் ஒன்றும் செய்வதில்லை என்றால், கோதுமையின் உடம்பில் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. மருந்துக்குத் தாங்கிய புல்லும் அதே வகை நொதிகளைக் கொண்டு அதே வேலையைச் செய்தது. களை, பயிரின் வித்தையைக் கற்றுக்கொண்டது என்று சொல்ல வாய் வருகிறது. அந்தக் ‘கற்றுக்கொண்டது’ என்ற சொல்லுக்குள்தான் குயவன் ஒளிந்திருக்கிறான்.

அவனை வெளியே இழுக்க மலேசியாவுக்குப் போக வேண்டும். பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் பகுதியில் 1997இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத புல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது நம் கேழ்வரகின் நெருங்கிய காட்டு உறவு. பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் மருந்துப் பீப்பாயை முதுகில் சுமந்த தமிழர்களுக்கு நன்கு பழகிய புல். கிளைபோசேட் செடிக்குள் ஒரே ஒரு நொதியைத்தான் அடைக்கிறது. சில அமினோ அமிலங்களைக் கட்டும் வேலை அந்த நொதியுடையது. அது நின்றால் செடி மெல்லப் பட்டினியில் போகும். மலேசியப் புற்களில் முதலில் பார்த்தது அந்த நொதியின் 106ஆவது இடத்தில் வந்த மாற்றம். அது கொஞ்சம் தாங்கவைத்தது, அவ்வளவுதான். பிறகு 2015இல் வெளியான ஆய்வில், 106ஓடு 102ஆவது இடமும் மாறிய புற்கள் அதே நாட்டில் காட்டப்பட்டன. இரண்டும் சேர்ந்தபோது வழக்கமான அளவு மருந்து அந்தப் புல்லுக்குத் தண்ணீர் போல ஆயிற்று. இனித்தான் விஷயம் சுவைக்கிறது. இதே இரண்டு இடங்களில், இதே இரண்டு மாற்றங்களை, 1990களில் மனிதர்கள் ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்து மக்காச்சோளத்துக்குள் வைத்திருந்தார்கள். ஜி.ஏ. 21 என்பது அந்த மரபணு மாற்றுச் சோளத்தின் பெயர். மலேசியப் புல்லுக்கு அந்தச் சோளத்தோடு கலக்க வழியே இல்லை. ஒரு பக்கம் என்ன வேண்டும் என்று தெரிந்த பட்டதாரிகள், பணம், காப்புரிமை, ஆய்வகம். மறுபக்கம் செம்பனை நிழலில் ஒரு புல். இரண்டு குடங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்குக் குயவன் உண்டு என்று நமக்குத் தெரியும். மற்றதன் அருகில் அறிவுள்ளவன் என்று இருந்தவன் ஒருவனே, மருந்து அடித்தவன். அவன் அந்தக் குடம் வரவே கூடாது என்று பாடுபட்டவன்.

இதற்குச் சித்தாந்தி சும்மா இருக்கமாட்டார். மருந்துதான் மாற்றத்தை உண்டாக்கியிருக்கும், சக்கரம் சுற்றியவன் அடித்தவன்தானே என்பார். இந்த மறுப்புக்குச் சோதனையால் பதில் உண்டு. 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாக்களில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். வைரஸ் தாக்கிய பிறகுதான் தாங்குதிறன் உண்டாகிறது என்றால், தனித்தனிக் குழாய்களில் வளர்த்த கூட்டங்கள் எல்லாவற்றிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. சில குழாய்களில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் ஏராளம். அப்படியானால் மாற்றம் தாக்குதலுக்கு முன்பே, ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு காலத்தில், யாரும் கேட்காமல் வந்துவிட்டது. களைகளில் இதற்கு இன்னும் நேரான சாட்சி பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் தொல்லை தரும் புல் ஒன்றின் பழைய உலர்தாவரத் தாள்களை, 1788 தொடங்கி 1975 வரை சேர்த்தவற்றை, 700க்கு மேல் எடுத்து அவற்றின் மரபணுவைப் படித்தார்கள். 1888இல் யாரோ பறித்து அழுத்தி ஒட்டிய ஒரு தாளில், கொழுப்பு அமிலம் ஆக்கும் நொதியின் 1781ஆவது இடத்தில், இன்று மருந்துக்குத் தாங்கும் அதே மாற்றம் இருந்தது. அந்த நொதியைக் குறிவைக்கும் மருந்துகள் கடைக்கு வர அதற்குப் பிறகு எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. பூட்டு செய்யப்படும் முன்பே சாவி ஒரு காகிதத்தில் ஒட்டிக் கிடந்திருக்கிறது.

இந்த 1888ஆம் ஆண்டுத் தாளைச் சித்தாந்தி தன் கட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். அவர் சற்காரியவாதி, இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றாது, காரணத்தில் சூக்குமமாக இருந்த காரியமே வெளிப்படுகிறது என்பவர். மாற்றம் முன்பே இருந்ததே, மருந்து அதை வெளிப்படுத்தியதுதானே என்று கேட்பார். பாதி சரி. அந்தத் தாளில் இருந்தது மாறிய ஒரு புல். மருந்துக்கு மசியாத வயல் அதில் இல்லை. ஒன்று எல்லாமாக ஆவது வெறும் வெளிப்பாடா, புதிதா? அமெரிக்கப் பருத்திக் காடுகளைப் பாழாக்கிய பால்மர் கீரை, நம் தண்டுக்கீரைக்கு ஒன்றுவிட்ட உறவு, இந்தக் கேள்வியை இன்னும் இறுக்குகிறது. அதில் கிளைபோசேட் அடைக்கும் நொதியின் மரபணு மாறவே இல்லை. பிரதிகள்தான் பெருகின. சாதாரணச் செடியில் இருப்பதைப் போல 5 மடங்கு முதல் 160 மடங்குக்கும் மேல் என்று 2010இல் ஜார்ஜியாச் செடிகளில் எண்ணிக் காட்டினார்கள். மருந்து அடைத்தாலும் அடைபடாத நொதி மிச்சம் இருக்கும் அளவுக்குப் பெருக்கம். பழைய எழுத்து, புதிய எண்ணிக்கை. சற்காரியவாதமும் அசற்காரியவாதமும் இதன்முன் ஆளுக்கு ஒரு காலை ஊன்றி நிற்கலாம். ஆனால் எந்தக் கட்சி வென்றாலும் குயவன் திரும்பி வருவதில்லை. அதுதான் நம் வழக்குக்கு முக்கியம்.

இன்னொரு மறுப்பு பழையது, வலுவானது. தற்செயல் என்பது காரணம் ஆகாது. தெரியாததற்கு வைத்த பெயர் அது. மாற்றத்தை அனுப்பியவன் இறைவன். இதைச் சோதனையால் பொய் என்று காட்ட முடியாது, காட்ட வேண்டியதும் இல்லை. ஊகத்துக்கு அது உதவுமா என்பதே கேள்வி. ஒரு தாவரத்தின் குறிப்பிட்ட ஓர் எழுத்து ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. ஒரு பால்மர் கீரை லட்சக்கணக்கில் விதை விடும். ஒரு வட்டாரத்தின் மண்ணில் கோடிக்கணக்கில் களைவிதை தூங்கும். இந்தக் கணக்கில் மாற்றம் வராமல் இருந்தால்தான் அற்புதம். மருந்து மற்றவற்றை எல்லாம் அகற்றிவிட, மிஞ்சியது பெருகுகிறது. எந்த இடத்திலும் ‘இது வேண்டும்’ என்ற அறிவுக்கு வேலை வரவில்லை. தாங்குதிறனுக்குச் செடி கொடுக்கும் விலையையும் பார்க்கலாம். முதலில் சொன்ன கிரவுண்ட்செல்லுக்கு அந்த ஓர் எழுத்துப் பிசகு ஒளிச்சேர்க்கையை மந்தமாக்கியது. மருந்து அடிக்காத நிலத்தில் அது தன் சாதாரண உறவுகளிடம் தோற்றுப்போகும். தெரிந்து செய்தவன் வேலை இப்படி அரைகுறையாக இருக்காது என்று சொல்ல வரவில்லை; ஆய்வகத்தில் தெரிந்து செய்பவர்களின் அரைகுறைகளும் நிறைய உண்டு. சொல்ல வருவது இவ்வளவே: குடத்தின் அழகிலிருந்தும் குயவனை ஊகிக்க முடியவில்லை, கோணலிலிருந்தும் மறுக்க முடியவில்லை. இராமானுசர் நின்ற இடமும் இதுதான். சித்தாந்தத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை விரியும், ஒன்று அரும்பாய் நிற்கும், ஒன்று வாடும். கதிரவன் எதையும் விரும்பிச் செய்வதில்லை என்பது அந்த நூல்களில் பழகிய உவமை. அந்த உவமையைக் கைக்கொள்ளும் சித்தாந்திக்குக் களையால் ஆபத்து எதுவும் இல்லை. குயவனைப் பிடித்துக்கொள்பவருக்குத்தான் சிக்கல்.

இது எல்லாம் ரசாயனம் வந்ததால் வந்த கேடு, கையால் களை எடுத்த காலத்தில் இப்படி இல்லை என்று ஒரு குரல் எழும். சூழலியல் மேடைகளில் அது சமய மொழியிலேயே பேசுகிறது: கை தூயது, மருந்து பாவம். மருந்தின் நச்சைப் பற்றி அந்தக் குரல் சொல்வதில் உண்மை உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020இல் தடை செய்தது காரணம் இல்லாமல் அன்று. ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கையும் செய்யும். நெல்வயலில் வரும் காட்டுக் குதிரைவாலி இனம் ஒன்று, நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே நிமிர்ந்து, நெல்லின் நிறத்திலேயே நிற்கும். சீனத்து யாங்சி ஆற்றங்கரைப் புற்களின் மரபணுவைப் படித்தவர்கள், இந்த வேஷம் சுமார் ஆயிரம் ஆண்டுகளில் உருவானது என்று 2019இல் கணித்தார்கள். வேஷம் கட்டிவிட்டவை களை எடுத்தவர்களின் கண்கள். வேறாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள், நெல் போல் தெரிந்ததை விட்டார்கள், தலைமுறைக்குத் தலைமுறை. அவர்களின் கூர்மையான பார்வைதான் நெல்லைப் போன்ற களையை வனைந்தது. கையானாலும் மருந்தானாலும், ஒன்றையே விடாமல் செய்யும்போது அதற்குத் தப்பிக்கும் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். நம்மூர் மானாவாரிக் காடுகளில் விதைத்து அறுக்கும் குதிரைவாலியே அந்தக் களைக் குடும்பத்திலிருந்து வந்த தானியம்தான். வேண்டிச் செய்ததும் வேண்டாமல் வந்ததும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

குயவன் இல்லை என்று ஆகிவிட்டால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? இங்கேதான் வினைக்கொள்கை வருகிறது. எண்ணமே வினை என்பது புத்தர் நிலை. அதன்படி மருந்து அடித்தவர் நிரபராதி. அவர் எண்ணியது களை சாக வேண்டும் என்பதே. சமணர் அப்படி எளிதில் விடமாட்டார். மறதியால், அசட்டையால் நேரும் ஊறும் அவர்கள் கணக்கில் இம்சைதான். எனக்குச் சமணர் சொல்வது பொருந்துகிறது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. அசட்டை என்று சொல்ல, முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1968க்கு முன் நாற்றங்கால்காரருக்குத் தெரியாது. ஹரியாணாவில் ஒரே மருந்து பரிந்துரைக்கப்பட்ட ஆண்டுகளில் அறிவியலுக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரியாது. களை எடுக்க ஆள் கிடைக்காமல், கூலி கட்டாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அடித்தவர் தலையில் முழு வினையையும் ஏற்றுவது, மேசையில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்குச் சுலபம். அறிவு எங்கே இருந்ததோ அங்கே வினை கனக்கும். மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதும், உழவும் பயிர்ச்சுழற்சியும் சேர்ப்பதும் தாங்குதிறனைத் தள்ளிப்போடும் என்று எழுதிவைத்துவிட்டு, ஒரே புட்டியை விற்ற இடம் அது.

சித்தாந்தத்துக்கு நான் தருவதாகச் சொன்ன பாக்கி இந்த இடத்தில்தான் இருக்கிறது. சமணரும் மீமாம்சகரும் வினை தானே பலன் தரும், நடுவில் ஒருவன் வேண்டாம் என்றார்கள். சித்தாந்தி மறுத்தார்: வினை சடம், அதற்குச் செய்தவனைத் தெரியாது, செய்தவனிடம் பலனைக் கொண்டுசேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். வயலைப் பார்த்தால் முதலில் சமணர் வென்றதாகத் தோன்றும். அடித்தார், களை திரண்டது, பலன் தானே வந்தது. இன்னும் ஒரு போகம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மருந்துக்குத் தாங்கிய செடியின் விதை வாய்க்கால் தண்ணீரோடு போகிறது. வாடகைக்கு வந்த அறுவடை இயந்திரத்தின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறது. சில இனங்களில் மகரந்தமாகக் காற்றிலும் போகிறது. அடித்தவர் நிலத்தை விற்றுவிட்டு ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கலாம். பலனை அனுபவிப்பவர் ஒருநாளும் மருந்து தொடாத, வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர். பிறக்காத பேரனாகவும் இருக்கலாம். பலன் தவறாமல் வருகிறது, ஆள் மாறி வருகிறது. வினை சடம், அதற்கு முகவரி தெரியாது என்று சித்தாந்தி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ஒழுங்கு உண்டாவதற்கு அறிவுள்ளவன் தேவைப்படவில்லை. நீதி உண்டாவதற்குத் தேவைப்படுகிறான். இரண்டும் ஒரே குயவனின் வேலை என்று சேர்த்துக் கட்டியதில்தான் பழைய வாதம் இடறியது.

முற்பிறப்பின் வினை சேர்த்தே அந்தப் பக்கத்துக்காரருக்கு இது வந்தது, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று கடைசியாக ஒரு பதில் சொல்லலாம். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்கள் அந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. தண்ணீரும் சடம்தான், பள்ளம் பார்த்து ஓடும், கடைமடைக்காரன் யார் என்று அதற்குத் தெரியாது. விதி என்று விட்டுவிடாமல் கண்மாய்ப் பாசனத்துக்கு நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆளை வைத்தார்கள். யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடை எப்போது அடைபட வேண்டும் என்று தெரிந்தவன் அவன். ஊர் அவனுக்கு நெல் அளந்தது. அதே வாய்க்காலில் தண்ணீரோடு சேர்ந்து ஓடும் களைவிதைக்கு அப்படி ஓர் ஆளை எந்த ஊரும் இன்னும் வைக்கவில்லை.